மெரூன் பொட்டு வைத்த சாவி

“சரி மச்சான், நாங்க ரெண்டு பேரும் வந்து நிக்கிறோம்” என்று தையல்காரியின் புருஷன் போனில் சொல்லி வைத்த நிமிஷத்திலிருந்து, ஆறு நாளாக அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, டீ டம்ளர் ஒன்று மேஜை மேல் ணங்கென்று வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்ததில் பாதி வெளியே வந்துவிட்டது.

“இது எனக்கா, மேஜைக்கா?” என்றார் புருஷன், லிஃப்ட்காரர்.

தையல்காரி துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் மேஜை கொஞ்சம் நகர்ந்தது.

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கால் முட்டிக்குக் கீழே செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தார். “ஒரு நல்ல விஷயம் கவனிச்சியா? இந்தப் பக்கத்துச் சாக்ஸ் நாறவே மாட்டேங்குது.”

சாதாரண நாளாக இருந்தால் அவள் சிரித்துத் தொலைத்திருப்பாள். இன்றைக்கு அந்தக் காலைப் பார்த்தாள், அதை மாட்டுகிற கையைப் பார்த்தாள், அவரைப் போனில் கூப்பிட்ட தன் தம்பியை நினைத்தாள். அடுப்பை அணைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பின்னே என்ன, நடந்ததைச் சுருக்கிச் சொன்னால்கூட யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் எல்லாச் சட்டத்துக்கும் மேலே. லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி வேலை பார்க்கப் போகிறவன், முதலில் மேல்மாடி மெஷின் ரூமுக்குப் போய் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அதன் மேல் தன்னுடைய பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் பாக்கெட்டில். அவன் பூட்டை அவன் மட்டும்தான் திறக்கலாம். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. ஏனென்றால் அந்தப் பூட்டுக்குக் கீழே ஓர் உயிர் நிற்கிறது.

பதினாலு மாசத்துக்கு முன்னால், ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தில், லிஃப்ட்காரர் கூண்டின் மேல் நின்று அது ஓடுகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. கூண்டு நகர்ந்தது. கால் போனது.

மெஷின் ரூமில் இருந்தது தையல்காரியின் தம்பி, சின்னவன். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்து, கம்பெனியில் சேர்த்துவிட்டவரே லிஃப்ட்காரர்தான். விசாரணைக் கமிட்டி முன்னால் அவன் என்ன சொன்னான்? “அத்தான் அன்னைக்குப் பூட்டே போடலை சார். வேலை முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு நான் கரண்டைப் போட்டேன்.” பூட்டும் அங்கே இருந்த அவருடைய டூல் பாக்ஸுக்குள் திறந்தபடிதான் கிடந்தது. லிஃப்ட்காரரோ, “எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை” என்றார். அவ்வளவுதான். ‘பூட்டுப் போடாதவர்’ என்று ஒரு வரி எழுதி, அவருடைய லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். அவர் பார்த்த வேலையில் சின்னவன் உட்கார்ந்தான்.

சின்னவன். அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு. படிப்பை விட்டுவிட்டு, சலவைக்கடைப் பின்னறையில் ஊரார் கிழித்துக்கொண்ட பேன்ட்டையெல்லாம் தைத்து அவனை ஆளாக்கியவள் இந்த அக்கா. அவன் குழந்தைக்குத்தான் இன்றைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகவும் ஞானத்தாயாகவும் நிற்க அவன் கூப்பிட்டது யாரை? காலை இழந்தவரையும் அவர் பெண்டாட்டியையும்.

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிட்டான்?” ஆறு நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

“அவன் மூஞ்சிதான். வேற எதை வச்சுக் கூப்பிடுவான்?”

“சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“நான் மன்னிச்சுட்டேன் மா. கர்த்தர் முன்னால சொல்லிட்டேன். திரும்பத் திரும்ப அதையே தோண்ட எனக்குத் தெம்பு இல்ல.”

“உங்களுக்கு மன்னிக்கிறது சுலபம். ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்தீங்க. முழிச்சுக்கிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவ நான்.”

அவர் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். அவருடைய மனு, டாக்டர் கொடுத்த ரிப்போர்ட், பழைய வேலைச் சான்றுகள். காகிதம் பறக்காமல் இருக்க மேலே ஒரு கனமான சாமான்: சிவப்புப் பூட்டு. அதன் வயிற்றில் வெள்ளை பெயின்டில் இருபத்து மூன்று. அவருடைய நம்பர். விசாரணை முடிந்து டூல் பாக்ஸோடு திரும்பி வந்த நாளிலிருந்து அது வாயைத் திறந்தபடி காகிதத்துக்குக் காவல் இருக்கிறது.

நாளைக்கு, திங்கட்கிழமை பத்து மணிக்கு, கமிட்டி அந்த மனுவையும் சின்னவன் சாட்சியையும் கடைசியாக ஒருமுறை கேட்கப்போகிறது. அந்த ஒரு வரியை அடித்தால் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் வேலைக்கு அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்காவிட்டால், பூட்டுப் போடாதவரை எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டுப் பூட்டுப் போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லும்?

தையல்காரி அலமாரியைத் திறந்து குழந்தைக்குத் தைத்த வெள்ளை கவுனை எடுத்தாள். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தது. அத்தனை கோபத்திலும் ஒரு தையல்கூடக் கோணவில்லை. அதுவும் அவளுக்குக் கோபம்தான்.

*

சின்னவன் வீடு மூன்றாவது மாடி. கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

“லிஃப்ட்காரன் வந்தா ஏற முடியாத வீடு. நான் நேரா கோயிலுக்குப் போறேன், நீ கவுனைக் குடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் வந்த ஆட்டோவிலேயே போய்விட்டார்.

சின்னவன் மனைவி கதவைத் திறந்தாள். குழந்தை அவள் தோளில், தலைமுடி பாதி பின்னியபடி, முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். “வாங்க அண்ணி. வர மாட்டீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

“அவர் சொல்லிட்டார். வந்தேன்.”

“எங்க வீட்டுக்காரர் முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டார். ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணி குழந்தையோட அப்பாதான் ஊத்தணுமாமே.” அவள் கவுனைப் பிரித்துப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றிய சின்னச் சின்ன மடிப்புகளைத் தொட்டாள். கண் கலங்கிவிட்டது. “அண்ணி, கடையில கூட இப்படி இல்ல.”

இந்தப் பெண் மேல் தையல்காரிக்குக் கோபமில்லை. இவளுக்கு என்ன தெரியும் பாவம், விபத்துக்கு அப்புறம்தானே கல்யாணம் ஆகி வந்தாள். அதனால் குழந்தையை வாங்கி கவுனை மாட்டிவிட்டாள். குழந்தை இவளைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தது. சின்னவன் சிரிப்பு. அப்படியே அச்சு.

“அண்ணி, அலமாரியில வெள்ளைச் சால்வை இருக்கு, எடுத்துத் தரீங்களா? சாவி அவரோட வேலை பேன்ட்டுல தொங்குது பாருங்க, கதவுக்குப் பின்னால.”

கொத்தாகச் சாவி. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, கம்பெனி லாக்கர் சாவி. அலமாரிச் சாவி எதுவென்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஐந்தாவது சாவியில் விரல் நின்றுவிட்டது.

குட்டையான பித்தளைச் சாவி. தலையில் ஒரு மெரூன் பொட்டு. நெயில்பாலிஷ்.

அதை வைத்தவள் அவளே. விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால் லிஃப்ட்காரர் தன் பழைய பூட்டின் சாவியை லிஃப்ட் பள்ளத்தில் தவறவிட்டுவிட்டு, புதுப் பூட்டு வாங்கி வந்தார். அதோடு இரண்டு சாவி. வீட்டுச் சாவியோடு கலந்துவிடக்கூடாதென்று இரண்டின் தலையிலும் பொட்டு வைத்து, “ஒன்னு உங்க பாக்கெட்டுக்கு, இன்னொன்னு நம்ம டப்பாவுக்கு” என்று கொடுத்தாள். முதல் சாவி, ஆஸ்பத்திரியில் வெட்டிப்போட்ட பேன்ட்டோடு போய்விட்டது. திறந்து கிடக்கிற பூட்டோடு சேர்த்து வைக்க, இரண்டாவது சாவியை அவள் டப்பாவில் தேடாத நாளில்லை. “எங்கேயாவது தொலைஞ்சிருக்கும் விடு” என்று சொன்னார் புருஷன்.

தொலையவில்லை. இதோ, தம்பியின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக, பூட்டுப் போட்டிருந்தார். பூட்டைத் திறந்தவன் இவன். திறந்து, கரண்டைப் போட்டு, கீழே அலறல் கேட்டதும் கையிலிருந்த பூட்டை டூல் பாக்ஸுக்குள் போட்டுவிட்டு, கமிட்டி முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அத்தான் பூட்டே போடலை சார்.’

இத்தனை நாள் அவன் சொன்னதை உண்மையென்று நினைத்துத்தான் கோபப்பட்டாள். உண்மையாக இருந்தாலும் வீட்டு மனுஷனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்பதுதான் அவள் வழக்கு. கடைசியில் அது உண்மைகூட இல்லை.

வளையத்திலிருந்து சாவியைத் திருகி எடுத்தாள். கட்டைவிரல் நகம் சதையோடு பிய்ந்தது. வலிக்கவே இல்லை.

“சால்வை கிடைச்சுதா அண்ணி?”

“கிடைச்சுது” என்றாள் தையல்காரி. “எல்லாமே கிடைச்சுது.”

*

கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்ற லிஃப்ட்காரரின் முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

அவர் சாவியைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒரு மனுஷன் பதினாலு மாசமாகத் தொலைந்த சாவியைப் பார்த்தால் எப்படிப் பார்க்க வேண்டுமோ, அப்படி அவர் பார்க்கவில்லை.

“உங்களுக்குத் தெரியும்.”

“மெதுவா பேசு.”

“தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.” அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான்தான் குடுத்தேன். பழைய சாவி பள்ளத்துல விழுந்த அன்னைக்கு அரை நாள் வேலை நின்னுச்சு. இன்னொரு தரம் அப்படி ஆகக்கூடாதுன்னு, நம்ம வீட்டுப் பையன் தானேன்னு அவன்கிட்ட ஒன்னைக் குடுத்து வச்சேன். குடுக்கவே கூடாது. வேற எவனாவது குடுத்திருந்தா நானே அவனை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.”

“அப்ப ஞாபகம் இல்லைன்னு சொன்னது?”

“அவன் உன் தம்பி.”

“ஓ. எனக்காகவா? என்னைக் கேட்டீங்களா? நான் பைத்தியக்காரி மாதிரி டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடுறதைப் பார்த்துட்டு நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்களே, அப்பவாவது ஒரு வார்த்தை?”

“நான் அவனை மன்னிச்சேன் மா. அது பொய் இல்ல.”

“மன்னிச்சது சரி. ஞாபகம் இல்லைன்னு சொன்னது என்ன, ஜெபமா?”

உள்ளே பாடகர் குழு முதல் பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்தது.

“இல்ல” என்றார் லிஃப்ட்காரர். “அது பொய். சாவியைக் குடுத்தது வெளியே வந்தா என் தப்பும் வருமேன்னு பயந்தேன். அந்தப் பயத்தையும் மன்னிப்புன்னு சொல்லி உள்ளே போட்டு மூடிட்டேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படித் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. பார்த்ததும் கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

*

கோயிலுக்குப் பின்பக்கம், குழாயடியில் சின்னவன் வெள்ளைச் சட்டையும் கோட்டுமாக நின்று ஜாடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

“அக்கா, வந்துட்டியா. நீ வரமாட்டேன்னு இவ பயந்தா, நான் சொன்னேன் எங்க அக்கா…”

அவள் சாவியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

விளக்கு அணைந்தது. ஜாடி நிரம்பி வழிந்து அவன் புது ஷூவில் கொட்டியது. குழாயை மூடத் தோன்றவில்லை அவனுக்கு.

“இதை ஏன் தூக்கி எறியலை?” என்றாள். “அதைச் சொல்லு முதல்ல. புதருக்குள்ள வீசியிருந்தா என் ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சே?”

“முடியலை கா.” ரொம்பச் சின்னக் குரல். “நாலு தரம் எறியப் போனேன். கை வரல.”

“பொய் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?”

“அவர் வெளியே வந்துட்டார்னு நினைச்சேன் கா. சத்தியமா. கீழே ஆளுங்க கத்திக்கிட்டு இருந்தாங்க, லிஃப்ட் எப்ப வரும், லிஃப்ட் எப்ப வரும்னு. நான் ஒரு நிமிஷம் யோசிக்காம… அப்புறம் அந்தச் சத்தம் கேட்டுச்சு. பூட்டு என் கையில இருந்துச்சு. டூல் பாக்ஸுக்குள்ள போட்டுட்டேன். அதுக்கப்புறம் எல்லாரும் கேக்கறாங்க, எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியல.”

“கமிட்டியில ஒரு மணி நேரம் பேசினியே. அதுல எங்கேயும் திரும்ப வழி தெரியலையா?”

“அத்தான் மன்னிச்சுட்டார் கா.” அவன் அதைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்தான். “அவரே சொன்னார். எல்லாம் முடிஞ்சு போச்சு மச்சான், மறந்துடுன்னு. அவரே விட்டுட்டார். நீ ஏன் கா?”

அவளுக்குக் கை அரித்தது. ஒன்பது வயசில் அவனைக் கடைசியாக அடித்தது, பக்கத்து வீட்டுப் பையன் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து இல்லையென்று சொன்னதற்கு. அதற்கப்புறம் அடிக்கவே இல்லை. அதுதான் தப்போ என்னவோ.

“அவர் மன்னிச்சது நீ அவர் காலை எடுத்ததை. நாளைக்குப் பத்து மணிக்கு அவர் பேரையும் எடுக்கப் போறியே, அதுக்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வச்சிருக்கியா?”

“நான் சொன்னா எனக்கு வேலை போயிடும் கா. ஜெயில்ல கூடப் போடுவாங்க. குழந்தை மூணு மாசம்.”

“அந்தக் குழந்தைக்குத்தான் அவரை ஞானத்தகப்பனா நிக்கச் சொல்றே. தண்ணியை மூடு. கோட்டெல்லாம் நனையுது.”

மணி அடித்தது. அவன் குழாயை மூடினான். ஜாடியைத் தூக்கினான். உள்ளே போய்ச் சேரும்போது பாதித் தண்ணீர்தான் இருந்தது.

*

அவர்கள் கோயிலில் ஞானத்தாய்தான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு தொட்டியருகே நிற்பது வழக்கம். ஆக, இடது கையில் குழந்தை, வலது கை முஷ்டிக்குள் சாவி. பக்கத்தில் புருஷன், அந்தப் பக்கம் சின்னவன், அவன் மனைவி. எதிரே போதகர். போதகரின் சட்டையில் மைக்.

போதகர் வழக்கமான கேள்விக்கு வந்தார். பொய்யையும் தீமையையும் விட்டு விலகி இந்தக் குழந்தைக்கு முன்னால் உண்மையாக நடப்பீர்களா என்று நால்வரையும் கேட்டார்.

“நடப்பேன்” என்றாள் சின்னவன் மனைவி, பளிச்சென்று.

“நடப்பேன்” என்றார் லிஃப்ட்காரர்.

சின்னவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

தையல்காரி அசையவே இல்லை.

போதகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.

முஷ்டியை விரித்தால் போதும். மைக் ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. இது என்ன சாவி என்று எல்லார் முன்னாலும் கேட்டால் போதும். நாளைக்குப் பத்து மணிவரை காத்திருக்கக்கூட வேண்டாம். அவள் கண்ணை மூடவில்லை. பீடத்தின் மேலிருந்த மரச்சிலுவையை நேராக முறைத்துப் பார்த்து மனசுக்குள் கேட்டாள்: ‘இதைக் கண்டுபிடிக்க வச்சது நீர்தானே? அப்ப சொல்லும். இப்பவே சொல்லும். எனக்குப் பொறுமை இல்ல.’

பதில் எதுவும் வரவில்லை. வந்ததெல்லாம் ஒன்றுதான். அவள் தற்செயலாகச் சின்னவனைப் பார்த்தாள். அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. அக்காவின் முஷ்டியையும் பார்க்கவில்லை. அத்தானின் இடது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக அதையே பார்க்கிறானோ.

இப்போது விரித்தால் அவன் மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொள்வது வேறு, வாய் திறந்து சொல்வது வேறு. பென்சில் திருடிய அன்றைக்கும் அவன் மாட்டிக்கொண்டான், சொல்லவில்லை. அவள்தான் அவன் பையைக் கவிழ்த்துக் காட்டினாள். இன்றைக்கும் அவளே கவிழ்த்தால் அவன் சாகும்வரை ஒன்பது வயசிலேயே நிற்பான்.

ஆத்திரம் ஒரு சொட்டும் குறையாமல், குழந்தையின் சால்வைக்கு அடியில் கையை நீட்டி, அவன் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, சாவியை அதற்குள் வைத்து விரல்களை மடக்கினாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தி மடக்கினாள்.

“ஒரு தரம் அத்தான் உன்னை நம்பிக் குடுத்தார்” என்றாள் பல்லுக்குள். “இப்ப நான் குடுக்கறேன். நம்பி இல்ல. குடுக்கறேன், அவ்வளவுதான். நாளைக்குப் பத்து மணி.”

பிறகு நிமிர்ந்து போதகரிடம், “நடப்பேன்” என்றாள். யாரையோ திட்டுகிற தொனியில் இருந்ததால் முன்வரிசையில் ஒருவர் நெளிந்து உட்கார்ந்தார்.

தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. தையல்காரிக்கு அது ரொம்ப நியாயமாகப்பட்டது.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னார்கள். பதினாலு மாசமாக அந்த ஜெபத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். சபைக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும், தெரியட்டும் என்றுதான் மூடுவாள். இன்றைக்கு அந்த வரியைச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைக் கடித்த மாதிரி கடித்துச் சொன்னாள். சொல்லும்போதுதான் கவனித்தாள், பக்கத்தில் ஒரு குரல் நின்றுபோயிருந்தது.

சின்னவன் வாய் இறுக மூடியிருந்தது.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு லிஃப்ட்காரர் நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நானும் சொல்லிடறேன்” என்றார். “சாவி குடுத்தது என் தப்புன்னு. ஞாபகம் இல்லைன்னதும் பொய்னு. அந்தச் சாவியைக் குடு, இதோட வச்சிடறேன்.”

“என்கிட்ட இல்ல.”

“எங்க?”

“அவன்கிட்ட குடுத்துட்டேன்.”

லிஃப்ட்காரர் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. “யார்கிட்ட?”

“உங்க மச்சான்கிட்ட.”

“ஏய், நமக்கு இருந்த ஒரே அத்தாட்சி அது. இப்ப நான் போய் சாவி குடுத்தேன்னு சொன்னா, வேலைக்காக இப்ப கதை கட்டறான்னு சொல்லுவாங்க. அவன் அதைக் கொண்டுபோய் எங்கேயாவது போட்டுட்டான்னா?”

“மன்னிச்சவர் நீங்கதானே. இப்ப ஏன் உங்களுக்கு வேர்க்குது?”

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. வந்த கோபத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். பதினாலு மாசமாக அவருக்கு இல்லாத கோபம். “எனக்கு அந்தப் பேர் வேணும்” என்றார். “கால் போகட்டும். பூட்டுப் போடாதவன்னு என்னைச் சொன்னாங்களே, அதை என்னால தாங்க முடியல.”

“இதைத்தான் நான் முதல் நாள்லேருந்து கேக்க ஆசைப்பட்டேன்” என்றாள் தையல்காரி. அன்றைக்கு முதல்முறையாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கதவு தட்டும் சத்தம்.

சின்னவன் நின்றிருந்தான். காலையில் போட்ட அதே கோட்டு. ஷூவில் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு. உள்ளே வரவில்லை.

“சாப்பிட்டியா?” பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

“அத்தான்” என்றான் அவன், அக்காவைப் பார்க்காமல். “அந்தப் பூட்டு இருக்கா?”

“இருக்கு.”

“குடுங்க. சாவி மட்டும் இருந்தா பத்தாது. ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான்…” வாக்கியத்தை முடிக்கவில்லை. எதற்குப் பத்தாது, ரெண்டும் சேர்ந்து இருந்தால் என்ன ஆகும், கொண்டுபோய்ச் சொல்லவா, கொண்டுபோய்த் தொலைக்கவா, எதுவும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

லிஃப்ட்காரர் கை மேஜையை நோக்கி நகர்ந்தது. அவர் கொடுத்துவிடுவார். கேட்டால் கொடுக்கிற ஜாதி.

தையல்காரி முந்திக்கொண்டாள். சிவப்புப் பூட்டை எடுத்தாள். கடைசிக் காகிதத்தையும் தோள்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். ஜிப்பின் இரண்டு வளையங்களையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்குள் பூட்டின் கொக்கியை நுழைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

டக்.

பதினாலு மாசமாகத் திறந்தே கிடந்த வாய் மூடிக்கொண்டது.

“அடியே” என்றார் லிஃப்ட்காரர். “என் பேப்பர் மொத்தமும் உள்ளே இருக்கு.”

“தெரியும்.”

பையைத் தூக்கித் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளை இருபத்து மூன்று அவன் கண்ணுக்கு முன்னால் ஆடியது.

“இதைத் திறக்க உலகத்துலயே ஒரு சாவிதான் மிச்சம்” என்றாள். “பூட்டை நாங்க கொண்டு வர்றோம். அந்த மேஜை மேல, அவங்க எல்லார் கண்ணு முன்னாலயும் வைப்போம். நீ வந்து திற. நான் வெட்ட மாட்டேன், உடைக்க மாட்டேன், யாரையும் உடைக்க விடவும் மாட்டேன். நீ வரலைன்னா பூட்டினபடியே இருக்கட்டும், உங்க அத்தான் வெறுங்கையோட திரும்பி வரட்டும். அதையும் நின்னு பாரு.”

சின்னவன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை மெதுவாகச் சாவி இருந்த கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது.

போன கை வெளியே வரவில்லை.